என் பிள்ளைகள் யாரும் ஆடவில்லை என்றேன்

நெப்ராஸ்கா
மே 14

அன்பு மகள் மார்லாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் டிரெவரும் நலம், நானும் நலம். அலாஸ்காவில் குளிர் விட்டதா? போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் தம்பி விஷயம். செவ்வாய்க்கிழமை அவன் ஆட்டத்தைப் பார்க்க ஒரு கல்லூரி கோச் வருவதாக இருந்தார். பிடித்துப்போனால் நான்கு வருடம் அவர்கள் பேஸ்பால் அணியில் இடம், படிப்பும் கிடைக்கும். நான் முதல் வரிசையில் உட்காரக் கிளம்பினால், அவன் என் முன்னால் வந்து நின்றான். "அப்பா, நீங்க வராதீங்க. அக்காவுக்கு ஆனது எனக்கும் ஆக வேண்டாம்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். அப்போது உன் ஆட்டத்தைப் பார்க்க வந்த கோச், "பொண்ணு நல்லா வீசுது, ஆனா நாலு வருஷம் கத்துற அந்த அப்பாவோட என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாராமே. ஏழு வருடமாக வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

போகாமல் இருக்கவும் முடியவில்லை. வேலிக்கு வெளியே டிரக்கை நிறுத்தி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கத்தாமல் இருக்க வாய் நிறையச் சூரியகாந்தி விதையைப் போட்டுக்கொண்டேன். அந்த நடுவர் கேரி, கணக்கிலேயே வராதபடி கணுக்காலுக்குக் கீழே போன பந்துக்கு டிரெவரை அவுட் என்றான். கண்ணு தெரியாத ஜென்மம். உள்ளுக்குள்ளேயே திட்டிக்கொண்டேன், சத்தியமாக.

அப்போது தொப்பி போட்ட ஒருவர் வந்து வண்டியில் சாய்ந்து நின்றார். கண்ணாடியை இறக்கினேன். "உங்க பையன் ஆடுறானா?" என்றார். "என் பிள்ளைங்க யாரும் ஆடல" என்றேன். பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்ல நாக்கு எப்படித்தான் வந்ததோ.

ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று பந்து பிடிக்கும் அந்தப் பையன் எப்படி என்று டிரெவரைக் காட்டிக் கேட்டார். "வளைஞ்சு வர்ற பந்துக்கு அவசரப்படுவான். ஆனா அவுட்டானா மட்டையைத் தூக்கி எறிய மாட்டான், அடுத்து ஆடப் போறவனைத் தட்டிக் கொடுத்துட்டுதான் உட்காருவான்" என்றேன். அவன் அப்பா எப்படி என்றார். "கத்துவான். நல்லவேளை, பையன் அம்மா மாதிரி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வியாழக்கிழமை வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அதே தொப்பி. அவர்தான் கோச். என்னைப் பார்த்தார், முற்றத்தில் நின்ற டிரக்கைப் பார்த்தார். எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். அவர் உள்ளே வந்து அம்மா சுட்ட கொலாச்சி பன்களில் மூன்றைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான், "அந்தக் கத்துற அப்பா இன்னிக்கு ஊர்ல இல்லையா?" என்று கேட்டார். டிரெவருக்குக் குடித்துக்கொண்டிருந்த பால் புரையேறிவிட்டது.

பிறகு காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். "பெத்த பிள்ளையோட குறையை இதுவரைக்கும் எந்த அப்பாவும் எங்கிட்ட சொன்னதில்ல" என்றார். உன் தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆகஸ்டில் போகிறான். ஜெயித்துவிடுவான், எனக்குச் சந்தேகமே இல்லை.

அவன் கையெழுத்துப் போடும்போது உன் நினைப்புதான். அந்த கோச் வந்த உன் கடைசி ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸ் வரைக்கும் ஒருத்தியாலும் உன் பந்தைத் தொட முடியவில்லை. அவ்வளவு அழகாக யாரும் வீசி நான் பார்த்ததில்லை. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிடு மார்லா.

அங்கே மீன் ஆலைப் பெண்கள் அணியில் நீ இப்போது பந்து வீசுவதாக அம்மா சொன்னாள். ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வரட்டுமா? வேண்டாம் என்று தோன்றினால் அதையாவது உன் கையால் எழுது. எதுவானாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே.

உன் அப்பா,
டுவேன் குச்சேரா