சுண்டுவிரல்

ஜூன் 3
பக்கவாதத்தில் விழுந்த வலது கையைப் பிசியோதெரபி பெண் மடக்கி நீட்டினாள். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அவரா முயற்சி பண்ணணும்மா. இல்லன்னா கை அப்படியே விறைச்சுப் போயிடும்." பிடிவாதத்தில் இவரை மிஞ்ச ஆள் உண்டா? பயமாக இருக்கிறது.

ஜூன் 5
மகன் பரணிலிருந்து கேரம் பலகையை இறக்கினான். தூசி தட்டும்போதே மனது பின்னால் ஓடிவிட்டது. கல்யாணமான புதிதில் ஒற்றை அறை வாடகை வீடு. வேலை விட்டு வந்ததும் இருவரும் பலகையோடு உட்கார்ந்துவிடுவோம். பவுடரை ஊதுகிற சாக்கில் சுண்டுவிரலால் சிவப்புக் காயைக் குழிப்பக்கம் தள்ளிவிடுவார் மனுஷன். "அழுகுணி ஆட்டம்!" என்று கத்துவேன். "எங்க, பாத்தேன்னு சத்தியம் பண்ணு!" என்பார், முகத்தைப் பச்சைக் குழந்தை போல வைத்துக்கொண்டு. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை சண்டை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

ஜூன் 6
இடது கையால் ஆடினார். மகன் வேண்டுமென்றே தோற்றான். மருமகளும். நானும்தான். "சூப்பர்ப்பா!" என்று கை தட்டினோம்.

ஜூன் 9
இன்றும் ஜெயிக்க விட்டோம். பலகையைத் தள்ளிவிட்டார்.

ஜூன் 10
சாப்பிடவில்லை. கையைத் தொடவே விடவில்லை. பிசியோ பெண் திரும்பிப் போய்விட்டாள். "நல்லதுதானேம்மா பண்ணோம்?" என்றான் மகன். நல்லதா? ஏமாற்றி ஜெயிப்பதில்தானே இவருக்கு ருசி! பிச்சை போட்டால் வாங்கிக்கொள்வாரா? சோற்றைத்தான் ஊட்டுகிறோம், ஆட்டத்தையுமா ஊட்டுவது — எனக்காவது உறைக்க வேண்டாமா?

ஜூன் 12
எதிரில் நான் மட்டும் உட்கார்ந்தேன். "இன்னிக்கு விட்டுக் குடுக்க மாட்டேன். அந்தக் கையும் பலகை மேல இருக்கட்டும், சும்மா தூங்க வேணாம்." எல்லாக் காயையும் நானே போட்டேன். முறைத்தார். "நா...ளைக்கு..." வாய் குழறியது, கோபம் குழறவில்லை. அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் எத்தனை நாளாயிற்று!

ஜூன் 20
தினமும் தோற்கிறார். தினமும் "நாளைக்கு". பிசியோ பெண்ணிடம் கையை இன்று அவரே கொடுத்தார்.

ஜூலை 28
பவுடரை ஊதக் குனிந்தார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டு பார்த்தால் சிவப்பு இடம் மாறியிருக்கிறது! பக்கத்தில் அவருடைய வலது சுண்டுவிரல், நடுங்கிக்கொண்டு. முகம் பச்சைக் குழந்தை.

"அழுகுணி ஆட்டம்!" வீடு அதிரக் கத்தினேன். என்னமோ ஏதோ என்று மகன் ஓடிவந்தான்.

"எ...ங்க... சத்தியம்... பண்ணு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிவப்பைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.