பதிவு அலுவலகத்தின் மேற்கு வாசல்

காலையிலிருந்து மழை. மழை பிடித்தால் எங்கள் பத்திரப் பதிவு அலுவலகத்துச் சுவர்களிலிருந்து சுண்ணாம்பு வாசனை கிளம்பும். கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில்தான் உங்கள் நினைவு வந்தது, சார். இந்த மழையைப் பார்க்க நீங்கள் இல்லை.

பழமை மாறாமல் பழுதுபார்க்கப் பொதுப்பணித் துறையிலிருந்து நீங்கள் வந்தபோது, இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வெள்ளைக்காரன் காலத்துக் கூரை ஒழுகியது. கருங்கல் படிகள் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். நீங்களோ சிமென்ட் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பே பூச வைத்தீர்கள். படிகளைத் தொட விடவில்லை. ஓர் அறையில் வேலை நடக்க, அடுத்த அறையில் நாங்கள் பத்திரம் பதிந்தோம். தூசிக்கு நடுவே உங்களோடு தினமும் வாக்குவாதம்.

ஒருநாள் குஜிலியம்பாறையிலிருந்து வந்த பெரியவரை மகன்கள் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். ஒருவனுக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. எப்படியோ பிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பயத்தில் அவர் பத்திரத்தில் வைத்த கைரேகை சரியாக விழவேயில்லை. நான் உங்களிடம் வந்தேன்.

"கட்டடத்தக் காப்பாத்துங்க சார், வேணாங்கல. வர்ற ஆளுகள யாரு காப்பாத்துறது?"

மறுநாள் மேற்குச் சுவரைத் தட்டிக்கொண்டே போனீர்கள். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பூச்சை எடுத்தால், செங்கல் வைத்து அடைத்த பழைய வாசல். அந்தப் பக்கம் தெரு மேடு, படியே தேவையில்லை. அதைத் திறந்துவிட்டீர்கள்.

ஓய்வு பெற்று உடம்பு தளர்ந்தபின், வீட்டை மகள் பேருக்கு எழுத வந்தீர்கள். மகள் உங்களை மேற்கு வாசலுக்குத்தான் அழைத்தாள். நீங்கள் கருங்கல் படியில் காலை வைத்துவிட்டீர்கள்.

"செத்த நேரம் ஆகட்டும்மா. இந்தப் படிக்காகத்தான மேடத்தோட அம்புட்டு மல்லுக்கட்டுனேன்."

நான் இறங்கி வந்து கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டீர்கள்.

போன வாரம் மேலதிகாரிகள் வந்தார்கள். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட இங்கே இடமில்லை, ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விடலாமா என்றார்கள். ஒரு காலத்தில் நான் கேட்டதுதான். முதலில் இங்கேயே இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவர்கள் போனபின் நானே சுவரோரமாகத் தட்டிக்கொண்டு நடந்தேன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான். ஆனாலும் பின்கட்டு வரை போய்விட்டுத்தான் திரும்பினேன்.