கண்ணாடியில் தெரிந்த இரண்டு மாவு

அக்கா,

இன்று காலை ராசிபுரம் தாண்டியதும் பேருந்துக்குள் புளித்த மரவள்ளி வாடை அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உங்கள் நினைவு வந்தது.

அஸ்தம்பட்டி பரிசோதனைக் கூடத்தில் பத்து வருடம் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் மாவில் கலப்படம் உண்டா என்று பார்ப்பதுதான் வேலை. டீயைக் கலக்கிக்கொண்டே சொல்வீர்கள்: "சர்க்கரை கரஞ்சிருச்சுன்னா எந்தக் கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் ஒண்ணாத்தான் தெரியும் சாமி. மாவு அப்படியில்ல, காட்டிக் குடுத்துரும்." ஒருபடித்தான கலவை, பலபடித்தான கலவை என்று பாடப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை நீங்கள் ஒரு டம்ளரில் முடித்துவிடுவீர்கள்.

நான்கைந்து வருடம் முன்பு ஒருநாள் வந்த மாவும் கண்ணுக்குச் சுத்த வெள்ளைதான். ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்த நீங்கள், எழுந்து என்னை உட்காரச் சொன்னீர்கள். உருண்டையான மரவள்ளித் துகள்களுக்கு நடுவே மூலை மூலையாக மக்காச்சோளத் துகள்கள். பையில் இருந்தது உங்கள் தம்பியின் ஆலைப் பெயர்.

"கூடப் பொறந்தவருங்கக்கா, ஒரே ஒரு தடவ விட்டுருங்க" என்று கெஞ்சினேன். அந்தக் கோழைத்தனம் எனக்குத்தான் வரும்.

"எந்தம்பிங்கறதுக்காக ரெண்டும் ஒண்ணாயிருமா?" என்று கேட்டுவிட்டு, 'கலப்படம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

அதோடு தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். நீங்களும் வீம்புக்குக் குறைந்தவர் இல்லை. "அவனா வரட்டும்" என்றீர்கள். சென்ற மாசியில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகுதான் அவர் உங்கள் வாசலை மிதித்தார்.

கருமாதியன்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "ஏனுங்க, அக்கா எம்மேல கோவமாத்தான் போச்சுங்களா?"

இல்லை என்று சொன்னால் நிம்மதியாகப் போயிருப்பார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த தோஷம், பொய் வாயில் வரவில்லை.

"கோவம் இருந்துச்சுங்க. ஆனா, பொங்கச் சீரோட நீங்க வருவீங்கன்னு வருசா வருசம் உங்களுக்கு வேட்டியும் எடுத்து வெச்சாங்க. பீரோவுல நாலு இருக்குதுங்க. கோவத்தையும் பாசத்தையும் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலீங்க."

போய்த் திறந்து பார்த்தார். நான்கும் மடிப்புக் கலையாமல் இருந்தன. குழந்தையைப் போல அழுதார், அக்கா. நானும்தான்.

இப்போது உங்கள் மேசை என்னுடையது. யார் கெஞ்சினாலும் அறிக்கையில் ஒரு சொல்லை மாற்றுவதில்லை. ஆனால் 'கலப்படம்' என்று எழுதப்போகும் ஒவ்வொரு முறையும், இந்த ஆலைக்காரருக்கும் எங்கோ ஓர் அக்கா இருப்பாரே என்று கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. பிறகு எழுதிவிடுகிறேன்.