ஒளித்து வைத்த பூச்சி மாத்திரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகள் பட்டாணியும் நலம், இரண்டு வாரமாக யாரும் சொறிவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் புது வீட்டில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் உன் அம்மா எதையும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள், சொன்னால் நீ பயந்துவிடுவாயாம். ஆனால் என்னைப் பற்றி ஒரு புகார் கட்டாயம் உன் காதுக்கு வரும், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் பட்டாணி வகுப்பில் ஒரு நிமிடம் ஒழுங்காக உட்காராமல் நெளிகிறாள் என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார். ராத்திரியும் தூக்கமில்லை, பின்பக்கம் ஒரே அரிப்பு. உன் அம்மா நேராக என் மேல் பாய்ந்தாள், நீங்க திருட்டுத்தனமா மிட்டாய் வாங்கிக் குடுத்துதான் பூச்சி வந்திருக்கு என்று. கூட்டிப்போய்க் காட்டிய டாக்டரம்மாவோ, மிட்டாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, இது கீரிப்பூச்சி, எந்தக் குழந்தைக்கும் வரும், சொறியுறப்ப முட்டை நகத்துல ஒட்டிக்கும், அந்தக் கை வாய்க்குப் போகும், அவ்வளவுதான் என்றார். நான் உன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தேன். அந்த ஒரு பார்வைக்காக இரண்டு நாள் எனக்கு டீ ஆறித்தான் வந்தது.

பூச்சிதானா என்று உறுதி செய்ய, காலையில் எழுந்ததும் கழுவுவதற்கு முன்னால் அந்த இடத்தில் டேப்பை ஒட்டி எடுத்து, சின்னக் கண்ணாடித் துண்டில் பதித்து லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னார். முப்பத்தியொரு வருஷம் பார்சல் பகுதியில் பெட்டி கட்டியவனுக்கு டேப் ஒட்டச் சொல்லித் தர வேண்டுமா, அவர் மீதியைச் சொல்வதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலை என்னிடமிருந்த அகலமான பழுப்பு டேப்பை ஒட்டி ஒரு இழு இழுத்தேன். பட்டாணி போட்ட கூச்சலில் எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தார். கண்ணாடித் துண்டை அட்டைப்பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் ஒட்டி, உடையும் பொருள் என்று எழுதி, அம்புக்குறியும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேபில் இருந்த பெண்ணுக்கு அதைப் பிரிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. ஐயா, பேக்கிங் எல்லாம் பிரமாதம், ஆனா இந்த டேப்புக்குப் பின்னால யானை நின்னாலும் தெரியாது, நோட்டுல ஒட்டுற செல்லோ டேப் வாங்குங்க என்றாள். மறுநாள் உன் அம்மா எடுத்தாள், முட்டை இருந்தது.

வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் மாத்திரை போட வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று, ஒருவர் தப்பினாலும் திரும்ப வரலாம், இரண்டாவது மாத்திரையும் முடிந்த பிறகு குழந்தையை அவள் அம்மாவிடம் அனுப்புங்கள் என்றார் டாக்டரம்மா. அதன் பிறகு வீடு வீடாக இல்லை. விரிப்பு, தலையணை உறை, உள்ளாடை எல்லாம் வெந்நீரில், விடிந்ததும் குளியல், மூன்று நாளைக்கு ஒரு சோப்பு. பட்டாணி நக இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள், சாயங்காலம் ஆனால் எங்கள் இருவரையும் வரிசையில் நிறுத்திக் கையைத் திருப்பிப் பார்க்கிறாள். டேப்பின் நுனியைக் கிளப்புவதற்கென்றே நான் வளர்த்த கட்டைவிரல் நகம் உனக்குத் தெரியுமல்லவா, இதுல நூறு முட்டை இருக்கும் தாத்தா என்று அதையும் வெட்ட வைத்துவிட்டாள்.

இனி புகார். முதல் மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டேன். நேற்று இரண்டாவது. மெல்வதுபோல் தாடையை ஆட்டிவிட்டு மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இருபதாம் தேதி பட்டாணி உன் அம்மாவோடு ரயிலேறுகிறாள். ஒருவர் தப்பினால் பூச்சி திரும்ப வரும், வந்தால் பயணம் தள்ளிப்போகும், இன்னும் இரண்டு வாரமாவது இங்கே இருப்பாள் என்று இந்த மண்டை யோசித்தது. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை கண்ணு, நீ அவளை இங்கே விட்டுப்போன ஏழு மாதத்தில் பழகிவிட்டேன். மறுபடி அரித்தால் தூங்காமல் அழப்போவது அந்தக் குழந்தைதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார், அதுதான் வெட்கமாக இருக்கிறது. சட்டையை வெந்நீரில் போடுமுன் உன் அம்மா பையைத் துழாவினாள், மாட்டிக்கொண்டேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, நேராகப் பட்டாணியிடம் சொல்லிவிட்டாள். அவள் முக்காலியில் ஏறி நின்று, ஆ காட்டு, மெல்லு, நாக்கைத் தூக்கு என்று சோதித்த பிறகுதான் இறங்கினாள். அதோடு விட்டாளா, தாத்தா பூச்சியை ஒளிச்சு வெச்சு வளக்கப் பாத்தாரு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தையல்காரர் என்னைக் கண்டால் மெஷினுக்கு அடியில் குனிந்து சிரிக்கிறார்.

ஆகவே இருபதாம் தேதி பட்டாணி வருவாள், பூச்சி வராது. பூச்சி வந்ததற்கு அவளைத் திட்டாதே. நகத்தை ஒட்ட வெட்டிவிடு, சாப்பிடுமுன்னும் கழிப்பறை போனபின்னும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல், மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான். மறுபடி அரித்தால் செல்லோ டேப், மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க என் ஆசீர்வாதம்.

அவளுடைய புத்தகப் பெட்டியை இன்று நானே கட்டினேன், இதற்குப் பழுப்பு டேப்தான் சரி. இருவருக்கும் நகமில்லாததால் நுனி கிடைக்காமல் அரை மணி நேரம் டேப்பை உருட்டினோம். மேலே உன் விலாசம் எழுதி, பழக்க தோஷத்தில் கீழே நம் வீட்டு விலாசத்தையும் போட்டு, சேராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பவும் என்று எழுதிவிட்டேன். பட்டாணி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, திருப்பி அனுப்பவும் என்பதற்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
பூச்சியும் நகமும் இல்லாத
உன் அப்பா