அளக்காமல் ஏற்றிய தண்ணீர்

என் ஆசை அக்கா,

உன் மகள் பிழைத்துவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கேட்பாய். நேற்று செல்வியை மஸ்கெலியா பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பசிக்குது சின்னம்மா, பசிக்குது சின்னம்மா என்று வழியெல்லாம் நச்சரித்தாள். வாய் அப்படியே உன் வாய்தான்.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம். ஆனால் எனக்கு வயிறு எரிகிறது அக்கா.

மரக்கறித் தோட்டத்துச் சேற்றில் வேலை செய்து அவளுக்கு எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே கைகால் சில்லிட்டு, பிரஷர் இறங்கி, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள். உன்னைக் கிடத்திய அதே வார்டு.

உனக்கு அன்று பாதி மயக்கம், என்ன நடந்தது என்று தெரிந்திருக்காது. தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த உன்னைக் குளவி கொட்டியது. கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார்கள். பிரஷர் ஏறவில்லை என்று சேலைன் ஏற்றினார்கள். ஒரு போத்தல் முடிய இன்னொன்று, அது முடிய இன்னொன்று. உனக்கு மூச்சு முட்டியது, வாயில் நுரை வந்தது. எல்லாம் குளவி விஷம் என்று சொல்லி இன்னும் ஏற்றினார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம். கொழுந்து நிறுக்கும்போது இலை ஈரம் என்று எடையில் கழிப்பார்கள். மாவென்றாலும் மருந்தென்றாலும் நமக்குக் கிள்ளித்தான் கொடுப்பார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் உனக்குக் கணக்குப் பார்க்காமல் ஏற்றுகிறார்களே என்று பூரித்துப் போனோம். சாவு வீட்டிலும் நம் லயத்து வரிசை வீடெல்லாம் அதைத்தான் பேசியது. "நல்லா பாத்தாங்கம்மா, போத்தல் போத்தலா ஏத்துனாங்க" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர், உன் இதயத்தில் ஒரு வால்வு பல வருஷமாகச் சுருங்கிக் கிடந்தது, நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார். எங்களுக்கு என்ன விளங்கும்? மலை ஏற முடியாமல் நீ நின்று நின்று மூச்சு வாங்கினால், கள்ள மூச்சு விடுறா என்று வேலை வாங்கும் கண்டாக்கு திட்டுவானே, அது கள்ள மூச்சு இல்லை என்பது மட்டும் விளங்கியது.

செல்விக்கும் சேலைன் போட்டார்கள். கொஞ்சம் ஏறியதும், இளவயது டொக்டர் ஒருவர் சின்ன ஸ்கேன் மெஷின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். திரையில் உன் மகளின் இதயம் சோர்ந்து சோர்ந்து அசைந்தது. பார்த்துவிட்டு சேலைனை நிறுத்தச் சொன்னார்.

உன் வீட்டுக்காரர் குதித்தார். "இவ்வளவுதானா டொக்டர்? தோட்டத்து ஆளுன்னா இது போதுமா? இன்னும் ஏத்துங்க!"

டொக்டர் சிங்களவர், ஆனாலும் தமிழில்தான் பேசினார். "இங்க பாருங்க ஐயா. இதயம் களைச்சிப் போச்சு. வாற தண்ணிய அதுக்குத் தள்ள ஏலாது. இன்னும் குடுத்தா நுரையீரல்லதான் நிறையும். இப்ப இதயத்துக்குப் பலம் குடுக்கிற மருந்துதான் வேணும்."

உன் சாவு எனக்கு அப்போதுதான் விளங்கியது அக்கா. இத்தனை வருஷம் கழித்து, உன் மகளின் கட்டிலடியில் நின்றுகொண்டு.

உன் வீட்டுக்கார மாமா அடங்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "பேசாம இருங்க மாமா. இவரு பாத்துட்டுச் செய்றாரு. அன்னைக்கி அக்காவுக்கு யாரும் பாக்கல" என்றேன். மனிதர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மருந்து ஏற ஏற, செல்வியின் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானது.

அவள் தேறிய பிறகு டொக்டரைக் கும்பிட்டுக் கேட்டேன், "இந்த மெஷின் புதுசா வந்துச்சுங்களா?"

நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை. "பழசு அம்மா. கிளினிக் அறையில பூட்டிக் கிடந்திச்சி. நான் வந்துதான் வார்டுக்கு எடுத்தேன்" என்று, அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த, அதை வாங்கிய வருஷத்தைக் காட்டினார். நீ சாவதற்கு முந்தின வருஷம்.

அந்த அறை உன் வார்டுக்கு எதிரே இருக்கிறது அக்கா. நீ மூச்சுக்குத் தவித்தபோது நான் அந்தப் பூட்டிய கதவில்தான் சாய்ந்து நின்று அழுதேன்.

யாரை நான் திட்டுவது? அன்றிருந்த டொக்டரையா? அவருக்கு யாராவது அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்களா? சாவி வைத்திருந்தவரையா? ஒன்றும் தெரியாமல் இத்தனை வருஷமும் குளவியைச் சபித்துக்கொண்டிருந்தேனே.

இன்று காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டே செல்வி கேட்டாள். "அம்மாவுக்கும் இப்படி நெஞ்சுல வெச்சுப் பாத்தாங்களா சின்னம்மா?"

"இல்லடி."

"ஏன்?"

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. அவளிடம் எதையும் மழுப்ப மாட்டேன். உடம்பில் தெம்பு வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் முன்னால் போய் நிற்பேன். அந்த "ஏன்"ஐ அவள் வாயாலேயே கேட்கட்டும். பதில் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கிருந்து நகர மாட்டோம்.

உன் தங்கச்சி,
உன் பிள்ளைக்குச் சின்னம்மா