கூட்டினால் எட்டு

நவம்பர் 11, செவ்வாய்

இன்றும் அந்த நம்பர். அம்மாவின் போனை நான்தான் எடுத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். பின்னால் அப்பா நிற்கிறார். யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 13

பக்கத்து வீட்டுக் கலைவாணன் சித்தப்பா வந்தார். அந்த நம்பர் யாருடையது பார் என்று அப்பா போனை நீட்டினார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்ணே. பாத்தா என் கை சும்மா இருக்காது."

பிறகு சொன்னார்: "இது படிச்சது போதும்ணே. நம்ம ஜெயசீலனுக்குப் பேசி முடிச்சிருவோம்."

ஜெயசீலன் சித்தியின் தம்பி. இருபத்தெட்டு வயது. நான் பத்தாம் வகுப்பு.

அப்பா மறுக்கவில்லை.

நவம்பர் 14

பள்ளிக்கூடம் அனுப்பவில்லை.

நவம்பர் 15

தூக்கம் இல்லை. அந்த எண் மனப்பாடமாகிவிட்டது. இங்கே எழுத மாட்டேன். எழுதினால், பார், எழுதி வைத்திருக்கிறாள் என்பார்கள்.

அது பகா எண்ணா என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். பயத்தில் வேறு என்ன செய்வது? ஏழில் முடிகிறது. இரண்டும் ஐந்தும் போகாது. அப்புறம்தான் கவனித்தேன் — பத்து இலக்கமும் வேறு வேறு. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எல்லாம் ஒரே ஒரு தடவை. அப்படியென்றால் எப்படி மாற்றி அடுக்கினாலும் கூட்டுத்தொகை நாற்பத்தைந்து. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். பகா எண்ணாக இருக்கவே முடியாது.

நாலும் ஐந்தும் ஒன்பது.

சித்தப்பாவின் பைக் நம்பரைக் கூட்டினாலும் ஒன்பது. அவர் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரியும் ஒன்பது. எட்டு, பதினேழு, இருபத்தாறாம் தேதிகளில் வண்டியே எடுக்க மாட்டார். எட்டு சனி என்பார்.

சே, என்ன யோசிக்கிறேன்? எண்களில் ஒன்பதுக்கு ஒன்று அப்படித்தான் வகுபடும். அது சாட்சி ஆகுமா? எனக்கு சைக்கிள் பழக்கியவர் அவர்.

நவம்பர் 17

ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலன் வீட்டார் பேச வருகிறார்களாம். அம்மா அழுகிறாள். எனக்காக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறாள்.

நவம்பர் 18

சொல்லிவிட்டேன். சித்தப்பாவும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்த நம்பரக் கூட்டுனா எட்டு வருது. சனி புடிச்ச நம்பர்."

"எட்டா?" சித்தப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "ஒழுங்காக் கூட்டு புள்ள. ஒம்போது."

ரசம் ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"நீதான் அந்த நம்பரப் பாக்கவே இல்லியேடா," என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார்.

நவம்பர் 19

அப்பா சூடம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் பண்ணு என்றார். சித்தப்பா எழுந்து போய்விட்டார். சூடம் தானே எரிந்து முடிந்தது.

வெளியே மூச்சு விடாதே என்று அப்பா என்னிடம் சொன்னார். என்னிடம் ஏன்? நான் என்ன பண்ணேன்?

நவம்பர் 23, ஞாயிறு

யாரும் வரவில்லை. போனும் வரவில்லை. சித்தி என்னைக் கண்டால் துப்புகிறாள்.

அப்பா அம்மாவுக்குப் புது சிம் வாங்கி வந்தார். நம்பரை என்னிடம் காட்டி, "கூட்டிப் பாரு" என்றார்.

எட்டு.

"இருக்கட்டும்" என்றார்.

நாளைக் காலை மறுபடி பள்ளிக்கூடம், குன்னம் பஸ். நிறுத்தத்துக்குச் சித்தப்பா வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.