அவரைக் குத்தியவள்

மார்ச் 4

ஆஸ்பத்திரியில் இவருக்குக் கட்டு மாற்றினார்கள். தோளில் ஒரு குத்து, விலாவில் ஒன்று. கொஞ்சம் தள்ளியிருந்தால் நுரையீரல் என்றாள் நர்ஸ். துணி வெட்டுகிற கத்தரிக்கோலாம். தையல் ஆலையில் இவருக்குக் கீழே வேலை பார்த்தவள் குத்தியிருக்கிறாள். பெண்ணா அவள்? நாசமாய்ப் போக.

மார்ச் 6

தூக்கில் போட வேண்டும்.

மார்ச் 9

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: "ஒரு பொம்பளைக்கு இவ்வளவு ஆத்திரம் எங்கேர்ந்து வருது?" டிவியில் ஒரு நிபுணர், பெண்களுக்குச் சகிப்புத்தன்மை குறைந்துவிட்டது என்கிறார். ஆலையில் மற்ற பெண்களுக்குக் கோபத்தை அடக்க வகுப்பு எடுக்கிறார்களாம். நன்றாக எடுக்கட்டும். நான் சகிக்கவில்லையா?

மார்ச் 13

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. சூப் சூடாக இருக்கிறதென்று கிண்ணத்தைத் தட்டிவிட்டார். பிறகு என் கன்னத்தில் ஒன்று. அந்தக் கை நன்றாகத்தான் இருக்கிறது. "வலியில அப்படித்தாம்மா" என்றார் மாமியார்.

வலி இல்லாதபோதும் அப்படித்தான். இதை எதற்கு எழுதுகிறேன்?

மார்ச் 17

ஆலையில் இஸ்திரி போடுகிற பெண், அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தாள். அவர் தூக்கத்தில் இருந்தார். வாசலிலேயே நிறுத்தி, "உங்க கூட்டாளி ஜெயில்ல சௌக்கியமா?" என்றேன். சீண்டத்தான் கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அவ ரெண்டு தடவ மேனேஜர்கிட்ட போய் அழுதா. அனுசரிச்சுப் போன்னுட்டான். அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் அவளை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டு உள்ள தாப்பா போட்டாரு. அவ கையில இருந்தது அது ஒண்ணுதான்."

"பொய்! வெளியே போடி!"

போனாள். போகும்போது என் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். சனியன்.

மார்ச் 18

பொய்யென்றால் நான் ஏன் அப்படிக் கத்தினேன்?

மார்ச் 22

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மாமியார் கோயிலுக்கோ எங்கேயோ போயிருந்தார். வீட்டில் இவர் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார்: "ஒருத்திய உள்ள வச்சா மத்தவளுங்க தானா அடங்குவாளுங்க." நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "என்னடி ஒட்டுக்கேக்குற?" எழுந்து வந்து கதவைப் பூட்டிவிட்டு என் முடியைப் பிடித்தார். என் கையில் கத்தி. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன். கழுத்து இவ்வளவு பக்கத்தில். கோபமே வரல — அதுதான் பயமா இருக்கு. மிச்சம் கிடக்கிற வேலையை முடிக்கிற மாதிரி இருந்துச்சு.

தோள் வலியில் அவரே கையை விட்டுவிட்டார். கத்தியைப் போட்டுவிட்டுப் பாத்ரூமுக்குள் போய் என் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இப்பவே வா. இல்லேன்னா நான் இவனக் கொன்னுடுவேன்."

ஏன், என்ன, ஒன்றும் கேட்கவில்லை. "கதவத் தொறந்துட்டு வாசல்ல வந்து நில்லு. கிளம்பிட்டேன்."

ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

ஏப்ரல் 2

அக்கா வீடு. மாமியார் போன் செய்து, "பொறுத்துப் போயிருக்கலாமே" என்றார். எதுவரைக்கும் அத்தை? யாராவது ஒருத்தர் சாகிற வரைக்குமா?

எனக்குக் கூப்பிட ஒரு அக்கா இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மேனேஜர் இருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம். வகுப்பு எடுக்கிறார்களாம், வகுப்பு! அந்த மேனேஜரை முதல் பெஞ்சில் உட்கார வைக்கட்டும்.

ஏப்ரல் 5

அக்காவை அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வக்கீலைப் போய்ப் பார்த்தேன்.

ஜூலை 8

கோர்ட். அவன் எதிரில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருந்தான். வீட்டில் எப்படி நடந்துகொள்வார் என்று வக்கீல் கேட்டார்.

"அடிக்கறதுக்கு முன்னால எப்பவும் கதவைப் பூட்டுவான்" என்றேன். ஜட்ஜ் ஐயா முன்னால் 'அவன்' என்று வந்துவிட்டது. திருத்திக்கொள்ளவில்லை.

தீர்ப்புக்கு இன்னும் நாள் ஆகுமாம். வெளியே வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. ஜாமீனில் வந்திருந்த அந்தப் பெண் அதில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். என்னைப் பார்த்தாள்; சிரிக்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தேன்.